கட்டுக்கரைக் குளத்தின் சாட்சிகள்

முருங்கன் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக் குளத்தை அமைத்தவர் யார்? சிங்களத்தில் அதன் பெயர் யோத வெவ. ஆங்கிலேயர் வைத்த பெயரும் இராட்சதன் குளம் என்றே பொருள்படும். பெயர்கள் உரைப்பது கண்டோரின் வியப்பை மட்டுமே.

5ஆம் நூற்றாண்டு மன்னன் தாதுசேனன் குளங்கள் பல கட்டினான் என்கிறது சூளவம்சம். அவற்றுள் ஒன்று இதுவே என்பதோ பிற்கால ஆராய்ச்சியாளர் துணிபு. நூலின் கூற்றையும் அறிஞர் ஊகத்தையும் ஒன்றாகக் கொள்வோர் பலர்!

2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் குளத்தருகே அகழ்ந்தனர். மட்பாண்ட ஓடுகளும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. அங்கே பழங்குடியிருப்பு இருந்ததற்கு அவை நேர்ச்சாட்சி. ஆயினும் கரை எழுப்பியவன் பெயரை ஓடுகளிடம் கேட்டல் தகாது. கரை எழுந்த காலத்தை அறிய, பிற்காலத் திருத்தங்களை விலக்கி, அக்கரையின் அடிமண்ணையே ஆராய்தல் வேண்டும்.