மேட்ஜ் சயர்ஸ்: ஆண்கள் போட்டியில் நுழைந்த பெண்

மரக்காணத்துக்காரனுக்கு வெள்ளையாய்ப் பரந்து கிடக்கும் தரை என்றால் அது உப்பளம்தான். ஐஸை மீன் பெட்டியில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவன் ஐஸ் ஸ்கேட்டிங் பற்றி எழுதுகிறேன் என்றால் வகுப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மேட்ஜ் சயர்ஸ் 1881ல் லண்டனில் பிறந்தவர். கட்டட வேலை எடுத்துச் செய்த ஒருவரின் 15 பிள்ளைகளில் ஒருவர். 1900ல் எட்கர் சயர்ஸ் என்ற ஸ்கேட்டிங் வீரரை மணந்தார். 1902ல் உலக சாம்பியன்ஷிப் லண்டனுக்கு வந்தது. அதுவரை ஆண்கள் மட்டுமே ஆடிய போட்டி. மேட்ஜ் பெயர் கொடுத்தார். அமைப்பாளர்கள் விதிகளைப் புரட்டிப் பார்த்தால், பெண்கள் ஆடக்கூடாது என்று எங்கேயும் இல்லை! ஒரு பெண் வருவாள் என்றே யாருக்கும் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை. சட்டத்தில் ஓட்டை தேடுவது எப்படி என்று பி.காம் மாணவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

ஆண்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவுக்கு. அவர் தன் பதக்கத்தையே மேட்ஜுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. நம்புவது உங்கள் விருப்பம்.

அடுத்த வருடமே, 1903ல், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெண்களுக்குத் தடை போட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று: நீளப் பாவாடை காலை மறைக்கிறது, நடுவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்து ஸ்கேட்டிங்கில் ஐஸ் மேல் கோலம் போடுவது போல வட்டமும் எட்டும் வரைய வேண்டும், அதனால் கால் தெரிவது முக்கியம்தான். இன்னொரு காரணம், நடுவர் தான் விரும்பும் பெண்ணுக்கே மதிப்பெண் போட்டுவிடுவாராம். பாவாடைப் பிரச்சினையை மேட்ஜ் சுலபமாகத் தீர்த்தார், கெண்டைக்கால் வரை குட்டையாக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் சேலையை ஏற்றிச் செருகாமல் எந்தப் பெண்ணும் பாத்தியில் இறங்குவதில்லை. லண்டன் கனவான்களுக்கு இது பெரிய புதுமை.

தடை உலகப் போட்டிக்குத்தான். பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடலாம். 1903ல் அதை வென்றார். 1904லும் வென்றார், தோற்றவர்களில் கணவர் எட்கரும் ஒருவர். அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

கடைசியில் 1906ல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது. டாவோஸில் நடந்த அதிலும் 1907ல் வியன்னாவிலும் மேட்ஜ்தான் முதல். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. ஐந்து நடுவர்களும் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். எட்கரோடு ஜோடியாக ஆடி ஒரு வெண்கலமும் உண்டு.

அதன்பின் உடல்நிலை கெட்டு ஒதுங்கினார். 1917ல் இதய நோயால் இறந்தபோது வயது 35.

ஒன்று விட்டுப்போச்சு. அந்த 1906, 1907 வெற்றிகளுக்கு அப்போது உலக சாம்பியன் பட்டம் என்று பெயர் இல்லை. 1924ல்தான் அப்படி ஏற்றுக்கொண்டார்கள். மேட்ஜ் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.