திருவக்கரைக் கல்மரங்களும் மரப்பெயர் ஆராய்ச்சியும்

மரம் ஒன்றின் பெயரைத் துணிதற்கு இலை, பூ, காய் ஆகியன கருவிகளாகும். இவை யாவும் நீங்கிக் கட்டை மட்டும் எஞ்சியவிடத்து அதன் இனத்தை அறிவது எங்ஙனம்? கடைசற் பட்டறைக்கு அயல்நாட்டிலிருந்து வந்து சேரும் பெயரறியா வன்மரத் துண்டு எழுப்பும் வினா இது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அதே வினா மரம் கல்லாகிய நிலையில் எழுகின்றது. அதற்கு அறிஞர் கண்ட விடையினையும், அவ்விடை தமிழாராய்ச்சிக்குப் பயன்படுமாற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

1993ஆம் ஆண்டு வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவக்கரை, திண்டிவனத்திற்குத் தெற்கே வானூர் வட்டத்தில் உள்ளது. ஞானசம்பந்தர் பாடிய தொண்டைநாட்டுத் தலங்களுள் இஃது ஒன்று. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளி வழிபாடும் ஊர்க்குப் பெருமை தருவன. ஊரைச் சார்ந்த செம்மண் மேட்டில், 3 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வக்கிரன் என்னும் அசுரனின் எலும்புகளே இவை என்பது ஊர் வழக்கு. கண்முன் கிடக்கும் அரும்பொருளுக்குத் தலவரலாற்றின் துணைகொண்டு பெயரிட்ட முயற்சி அது. அம்முயற்சியை எள்ளுதல் நம் நோக்கமன்று. பெயரிடுவதற்குச் சான்று வேண்டும் என்னும் உணர்வு அதன்கண்ணும் உண்டு.

இக்கல்மரங்களை ஐரோப்பியருள் முதற்கண் குறித்தவர் பியர் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலார். கிழக்கிந்தியப் பகுதிகளையும் சீனத்தையும் பற்றிய அவர்தம் பயணநூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. பின்னர், இங்குக் கிடைத்த ஊசியிலை மரவகை ஒன்றினைப் பீர்பல் சாகனி 1931இல் மீளாய்ந்து, 'மெசெம்பிரியாக்சிலான் சிமிடியானம்' என்னும் பெயரால் வரையறுத்தார். இராமானுசம் என்னும் தாவரவியலார் தென்னார்க்காட்டுக் கல்மரங்கள் பலவற்றை ஆராய்ந்து 1960இல் விரிவாக வெளியிட்டார். அவற்றின் காலம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது என மதிக்கப்படுகின்றது. அவை கிடக்கும் மண்ணடுக்கினைக் கடலூர் மணற்கற் படிவு என்பர். அடிமரங்கள் பட்டையும் கிளையும் வேருமின்றிப் படுகிடையாகக் கிடத்தலால், நின்றவிடத்தே கல்லானவை அல்ல என்பதும், வெள்ளத்தால் கொணரப்பட்டு மணலுள் புதைந்தவை என்பதும் துணிபு. நிலத்தடி நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைதோறும் புகுந்து படிந்தமையால், மரம் கல்லாகியும் அதன் உள்ளமைப்புக் கெடவில்லை.

உள்ளமைப்பே பெயர்க்குச் சான்றாகும். கல்லினை ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லிதாகத் தேய்த்து, குறுக்குவெட்டு, ஆரவெட்டு, தொடுவெட்டு என்னும் மூவகையாலும் நுண்ணோக்கியில் காண்பர். நீர் செல்லும் குழாய்கள் தனித்தனியே உள்ளனவா, தொடர்ந்து நிற்கின்றனவா? அவற்றைச் சூழ்ந்த மென்திசு எவ்வாறு அமைந்துள்ளது? நடுவினின்று புறம் நோக்கி ஓடும் கதிர்கள் எத்துணை அகலமுடையன? பிசின் குழல்கள் உளவா? இவ்வினாக்கட்குக் கிடைக்கும் விடைகள் ஒருங்கே கூடி இனத்தைக் காட்டும். கடைசல் தொழிலாளர் கட்டையின் எடை, மணம், நிறம், உளி பட்டுச் சுருளும் சீவல் ஆகியவற்றால் மரத்தை மதிப்பிடுவர். கல்மரத்தில் மணமும் இயல்பான நிறமும் எடையும் அழிந்துவிட்டன. அமைப்பு ஒன்றே நின்றது. கட்டையின் வெட்டுமுகத்தைக் கூரிய கத்தியால் சீவிக் கைக்கண்ணாடியால் நோக்குவார்க்கும் முதன்மையான சான்று அதுவே.

மரத்தை அகத்தமைப்பால் பகுக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையதைப் புல் எனவும், அகத்தே வயிரமுடையதை மரம் எனவும் பகுத்துள்ளது. பனையும் தெங்கும் இப்பகுப்பின்படி புல்லினத்தனவாம். தென்னார்க்காட்டுக் கல்மரங்களிடையே பனையினத் தண்டும் கண்டறியப்பட்டுள்ளது. புறக்காழ், அகக்காழ் என்னும் வேறுபாடு அக்கல்லின் வெட்டுமுகத்திலும் விளங்கித் தோன்றுதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இனி, இவ்வாராய்ச்சியின் பயன்களுள் தமிழ் வரலாற்றுக்கு நெருங்கிய ஒன்றனைக் காண்பாம். புதுச்சேரியை அடுத்த கடலூர்ப் படிவுகளில் கிடைத்த கல்மரங்களுள், டிரையோபலனாப்சு என்னும் கற்பூர மரத்தை ஒத்த கட்டையும் உண்டு. பிசின் குழல்கள் நீண்ட வரிசையாக அமைதலும், குழாய்கள் தனித்தனியே நிற்றலும் அதனைக் காட்டிய அடையாளங்கள். இம்மரம் இன்று சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ ஆகிய இடங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றது. சுமத்திராவின் பாருசுத் துறை இதன் கற்பூரத்தால் புகழ்பெற்றது. அத்துறையை அடுத்த லோபு துவாவில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நிறுத்தினர். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எண்ணும் கற்பூர வகைகளுள் 'வாறோசு' என்பது இத்துறையின் பெயரே என்பர். நம் முன்னோர் கடல் கடந்து தேடிச்சென்ற சரக்கினைத் தரும் மரத்தின் உறவினம், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன்னர் இம்மண்ணுக்கு அணித்தே வளர்ந்து மறைந்தது. 'அயல் மரம்' என்பது இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் வரையறுக்கத்தக்கது என்பது இதனால் பெறப்படும்.

இதற்கு மறுதலையான சான்றும் அண்மையிலேயே உண்டு. திண்டிவனம் என்னும் பெயரைப் புளியமரக் காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதனோடு இயைப்பர். ஊர்க்கே பெயர் தந்த அப்புளியின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா எனத் தாவரவியலார் கருதுவர். பெயர் வழக்கின் பழமை ஒன்று. மரத்தின் தாயகம் மற்றொன்று. ஒன்றனைக்கொண்டு மற்றொன்றனை முடித்தல் பொருந்தாது.

தமிழ் மரப்பெயர்களை ஆராய்வார் இங்கு இரண்டு எச்சரிக்கைகளைக் கொள்ளலாம். முதலாவது, ஒரு பெயர் பல மரங்களைக் குறிக்கும். கருங்காலி என்னும் பெயர் கருவயிரமுள்ள எபனி மரத்திற்கும், செம்பழுப்பு வயிரமுள்ள வேலின மரத்திற்கும் வழங்குகின்றது. பாலை என்பதோ வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை என வெவ்வேறு மரங்கட்கும் பொதுவாயிற்று. முன்னையது கடைசலுக்கு ஏற்ற மென்மையுடையது. இறுதியது உலக்கைக்கு ஏற்ற வன்மையுடையது. பழம்பாட்டில் பாலை எனக் கண்டவுடன் இன்ன மரமே எனத் துணிதல் இடர்ப்பாடுடைத்து. இரண்டாவது, ஒத்தல் வேறு, அதுவே ஆதல் வேறு. கல்மரப் பெயர்களின் இறுதியில் தாவரவியலார் சேர்க்கும் 'ஆக்சிலான்' என்னும் ஈறு, 'இம்மரத்தை ஒத்த கட்டை' என்னும் அளவிலேயே நிற்கின்றது. அவ்வரையறை நம் உரைக்குறிப்புகளிலும் சொற்றொகுதிகளிலும் பேணப்படுதல் வேண்டும்.

ஆகவே, ஊர்தோறும் வழங்கும் மரப்பெயரை அவ்வப் பெயர்க்குரிய கட்டைத் துண்டோடும், தாவரவியற் பெயரோடும் இணைத்துத் தொகுத்தல் இன்றியமையாப் பணியாகும். தச்சரும் கடைசல் தொழிலாளரும் இப்பணிக்குச் சிறந்த துணைவராவர். அவர்கள் அறிந்த பெயர்கள் பல அகராதி ஏறாதவை. திருவக்கரைக் கல்மரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவருகின்றது. ஆயினும், கிடந்த இடத்தினின்று பெயர்க்கப்பட்ட துண்டு சான்றின் ஒரு பகுதியை இழந்துவிடும். கல்லான மரம் 2 கோடி ஆண்டுகளாகத் தன் அமைப்பைக் காத்துள்ளது. வழக்கிலுள்ள மரப்பெயரோ ஒரு தலைமுறையில் மறையத்தக்கது. முதற்கண் தொகுக்கவேண்டியது பெயரே என்பது நம் கருத்து.