காலம் காட்டும் இடைநிலை

"தாத்தா தினமும் கடைக்குப் போவார்" என்பதை என் பேரன் ஆங்கிலத்தில் எதிர்காலமாக எழுதிவிட்டான். பள்ளியில் தப்புன்னு சுழிச்சுட்டாங்க. தேவ்நாரில் நம் வீடுகள் பலவற்றில் நடப்பதே இது.

13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் கங்கச் சிற்றரசன் வேண்ட, சமண முனிவர் பவணந்தி நன்னூல் இயற்றினார். இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு. எதிர்காலத்துக்கு ப், வ் என இடைநிலைகளை வகுத்தார். 'போவார்' என்பதிலுள்ள வ் எதிர்காலம் காட்டும். அன்றாடப் பழக்கத்தையும் அதே வ்தான் சொல்லும். ஆங்கிலமோ பழக்கத்தை நிகழ்காலத்தில் வைக்கிறது. 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' இரண்டுக்கும் நமக்குப் 'போகிறேன்' ஒன்றே போதும்.

இதை விளக்கியதும் பையனுக்குச் சட்டென்று புரிந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் நல்லாப் படிக்கட்டும். வீட்டில் பேசும் தமிழின் இலக்கணம் தெரிந்தால், ஆங்கிலத்தில் எங்கே வழி பிரிகிறது என்பதும் தெரியும். வீட்டுக்கொரு நன்னூல் வாங்கி வையுங்கள்.