தோட்ட வீட்டு ஏர்கோனைக் கைப்பேசியில் இயக்கலாமா? வாங்கும் முன் அறிய வேண்டியவை

சிரம்பான் – பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்ட வீடுகளில் வெளி ஊரில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஏர்கோன் வாங்கிப் பொருத்துவது இப்போது பெரிய செய்தியல்ல. அடுத்த கட்டமாக, 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி வைத்தால் கோலாலம்பூரிலிருந்தே அப்பாவின் அறையைக் குளிரவைக்கலாமே' என்று பலர் கேட்கத் தொடங்கியுள்ளனர். இணையச் சந்தையில் விளம்பரங்களும் நிறைய. ஆனால், தவறான கருவியை வாங்கினால் பணம் வீண்; தவறாகப் பொருத்தினால் உயிருக்கே ஆபத்து. எனவே, வாங்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

தெர்மோஸ்டாட் என்றால் என்ன?

அறையின் வெப்பநிலையை உணர்ந்து, குறித்த அளவை எட்டியதும் கருவியை நிறுத்தி, அளவு மாறியதும் மீண்டும் ஓடவிடும் அமைப்பே தெர்மோஸ்டாட். அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் மின்சாரத்தில் இயங்கும் அறைத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார். குளிர்நாடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே வெப்பமூட்டி இருப்பதால், அதைக் கட்டுப்படுத்தும் பெட்டி சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். 2011-இல் அறிமுகமான 'நெஸ்ட்' போன்ற வைஃபை தெர்மோஸ்டாட்டுகள் அந்தச் சுவர்ப் பெட்டிக்கு மாற்றாக வந்தவை. அவை பெரும்பாலும் 24 வோல்ட் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் இயங்குபவை.

நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 'ஸ்பிளிட்' வகை ஏர்கோன்கள். சுவரில் மாட்டிய உட்பகுதிக்குள், காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் சிறிய வெப்ப உணரி ஒன்று இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் வேலையை அந்த உணரியும் அதனோடு இணைந்த மின்பலகையும் செய்துவிடுகின்றன. நாம் ரிமோட்டில் 25 என்று வைத்தால், அந்த எண் அகச்சிவப்புக் கதிராக ஏர்கோனுக்குப் போகிறது, அவ்வளவுதான். எனவே, கழற்றி மாற்றுவதற்கு நம் சுவரில் தெர்மோஸ்டாட் பெட்டியே கிடையாது.

தங்கும் விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் சுவரில் பெட்டி இருக்கலாம். ஆனால், அவற்றில் சில நேரடியாக 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. வெளிநாட்டு 24 வோல்ட் கருவியை அதில் இணைத்தால் கருவி கருகும்; தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு.

நமக்குப் பொருந்தும் கருவி

ஸ்பிளிட் ஏர்கோனுக்கு ஏற்றது, வைஃபை வழி கட்டளை பெற்று அதை அகச்சிவப்புக் கதிராக அனுப்பும் சிறிய பெட்டி. 'ஐ.ஆர். ரிமோட்' அல்லது 'ஸ்மார்ட் ஏர்கோன் கன்ட்ரோலர்' என்ற பெயரில் இது விற்கப்படுகிறது. கைப்பேசி சார்ஜரில் செருகினால் போதும். ஏர்கோனின் கம்பி எதையும் தொட வேண்டியதில்லை. சாதாரண வகை ஐம்பது வெள்ளிக்குள்ளும் கிடைக்கிறது. வெப்பநிலை உணரி உள்ள வகைக்கு விலை சற்றுக் கூடும். சில புதிய ஏர்கோன்களில் வைஃபை வசதி உள்ளேயே இருக்கிறது; வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

கம்பியில்லாத் தொடர்புக் கருவி எதுவானாலும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிப்படி சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் சிரிம் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சார்ஜருக்கும் இது பொருந்தும்.

பொருத்தும் முறை

1. இணையத்தைச் சோதியுங்கள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் கருவி அதைக் காணாது. தோட்டங்களில் சிம் அட்டை ரூட்டரே பல வீடுகளுக்கு இணையம். அது எந்நேரமும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்பாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இதை வாங்காதீர்கள். அவர் மரம் வெட்டவோ குலை அறுக்கவோ போனால் இணையமும் கூடவே போய்விடும்.

2. பெட்டியை ஏர்கோனுக்கு நேராக வையுங்கள். அகச்சிவப்புக் கதிர் சுவரையும் அலமாரியையும் ஊடுருவாது. ஒரு பெட்டி ஓர் அறைக்கு மட்டுமே.

3. செயலியில் ஏர்கோனின் வகையைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லையென்றால், பழைய ரிமோட்டைப் பெட்டிக்கு முன் பிடித்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கற்றுக்கொடுக்கலாம்.

4. கால அட்டவணையை அமையுங்கள். எடுத்துக்காட்டாக, இரவு 10 மணிக்கு 25 டிகிரி, விடியற்காலை 4 மணிக்கு நிறுத்தம்.

5. கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கைக் குடும்பத்தில் ஒருவர் பெயரில் மட்டும் வைத்து, மற்றவர்களைச் செயலி வழியே சேருங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. பெட்டி கட்டளையை அனுப்பும். ஏர்கோன் அதை ஏற்றதா என்று பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அம்மா கை ரிமோட்டில் நிறுத்தியிருந்தாலும் செயலி 'ஓடுகிறது' என்றே காட்டலாம். வெப்பநிலை உணரி உள்ள வகையை வாங்கினால், அறை உண்மையில் குளிர்ந்ததா என்பதையாவது பார்த்துக்கொள்ளலாம்.

பில்லில் எவ்வளவு மிஞ்சும்?

ஸ்மார்ட் கருவி தானாக மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. ஓடும் நேரம் குறைந்தால்தான் பில் குறையும்.

2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள தெனாகா நேஷனல் கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி, கொள்திறன், கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். 1,000 யூனிட்டுக்குள் இருந்தால் சிக்கனச் சலுகை கழியும். 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென் சலுகை; பயன்பாடு கூடக்கூடச் சலுகை குறையும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஏர்கோன் இல்லாமல் 180 யூனிட் எரியும் வீடு. பில் ஏறக்குறைய 35 வெள்ளி. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு 0.6 யூனிட் எடுப்பதாகவும் தினமும் இரவு 8 மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் 144 யூனிட் கூடி, மொத்தம் 324 ஆகும். 301 முதல் 350 வரையிலான படிக்குச் சலுகை 21 சென் என்பதால், பில் 75 வெள்ளி 91 சென். 300 யூனிட்டைத் தாண்டியதால் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியும் இதற்குமேல் வரும்.

அதே ஏர்கோனைக் காலை 6 மணிக்குப் பதில் 4 மணிக்கே நிறுத்தினால் 36 யூனிட் குறைந்து 288 ஆகும். சலுகை 22.5 சென்னாக உயரும். பில் 63 வெள்ளி 16 சென். மாதம் 12 வெள்ளி 75 சென் மிச்சம். ஐம்பது வெள்ளிக் கருவியின் விலை நான்கு மாதங்களில் திரும்பிவிடும்.

ஆனால், இதே வேலையைச் செலவில்லாமல் செய்ய வழி இருக்கிறது. பெரும்பாலான ஏர்கோன் ரிமோட்டிலேயே 'டைமர்' பொத்தான் உண்டு. பெற்றோருக்கு அதை ஒருமுறை பொறுமையாகக் காட்டிக்கொடுத்தால் கருவியே தேவைப்படாமல் போகலாம். கூடவே மின்விசிறியையும் ஓடவிட்டு, 20 என்று வைக்கும் பழக்கத்தை விட்டு 25-இல் வைத்தாலே மின்சாரம் குறையும். அரசாங்கக் கட்டடங்களில் 24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று 2011-இலேயே அறிவுறுத்தப்பட்டது. மாதம் இருமுறை வடிகட்டியைக் கழுவுவதும் பலன் தரும்.

கம்பியில் கை வைக்காதீர்கள்

ஏர்கோனை 'ஸ்மார்ட் பிளக்' வழியாக இயக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டிப்பது கம்ப்ரசருக்குக் கெடுதல். குளியலறை உடனடிச் சுடுநீர்க் கருவிக்கு இன்னும் கவனம் தேவை. 3,600 வாட் கருவி 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 13 ஆம்பியர் பிளக் தாங்காது, உருகிவிடும். சுடுநீர்க் கருவியின் இணைப்புக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருப்பது அவசியம்.

புதிய சாக்கெட், தனிக் கம்பி, சுவிட்ச் மாற்றம் எதுவானாலும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமும் தகுதிச் சான்று உள்ள வயர்மேனிடமும் மட்டும் கொடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடென்றால், கம்பி வேலைக்கு முன் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். பழைய லயத்து வீடுகளின் கம்பி, இரண்டு விளக்கும் ஒரு வானொலியும் போதுமென்றிருந்த காலத்தில் போடப்பட்டதாக இருக்கலாம். ஏர்கோன் பொருத்தும் முன் அதைச் சோதித்துப் பார்ப்பதே முதல் வேலை.

ரிமோட் யார் கையில்?

கடைசியாக ஒன்று. பெற்றோருக்குச் சொல்லாமல் வெளியூரிலிருந்து ஏர்கோனை நிறுத்துவதும் ஓடவிடுவதும் சிக்கனமாகத் தோன்றலாம். நள்ளிரவில் வியர்த்து விழித்த அப்பாவுக்கோ, யாரோ தன் வீட்டை ஆள்வதுபோல் இருக்கும். வயதானவர்களையும் நோயாளிகளையும் வெப்பம் எளிதில் பாதிக்கும். எனவே, கை ரிமோட்டை அவர்கள் கட்டிலருகே எப்போதும் வையுங்கள். இணையம் இல்லாத இரவிலும் அது வேலை செய்யும். அட்டவணையை அவர்களோடு உட்கார்ந்து பேசி அமையுங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மின்கட்டணப் பில்லையும் எடுத்து, எத்தனை யூனிட் என்று சேர்ந்தே பாருங்கள். கருவி வேண்டுமா, டைமர் பொத்தானே போதுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.