சான்றிதழில் இடம்பெறாத நோய்: நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளரும் நோய் விடுப்பும்

முன்னுரை

மன அழுத்தம் காரணமாகப் பணியிலிருந்து விடுப்புப் பெறுதல் இன்று பல நாடுகளில் தொழிலாளரின் உரிமையாகப் பேசப்படுகிறது. அயலகத் தமிழரின் உழைப்பு வரலாற்றில் இவ்வுரிமைக்கு நேர் எதிரான ஒரு நிலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமாகவே இருந்தது. பணிக்கு வாராமை அங்குக் குற்றமாகக் கருதப்பட்டது. உடலில் கண்ணுக்குத் தெரியும் நோய் மட்டுமே அதற்குரிய விலக்காக அமைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியை எல்லையாகக் கொண்டு, ஒப்பந்தக் காலத்தில் மனத்துயர் எவ்வாறு சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்வில் ஓர் எச்சரிக்கை தேவை. உடலியல் பொருளில் ‘அழுத்தம்’ என்னும் கருத்து 1936இல் ஹான்ஸ் செலியே வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே பரவியது. ஆகவே இன்றைய சொல்லை அன்றைய மக்கள் மீது சுமத்துதல் பொருந்தாது. கவலை, ஏக்கம், கலக்கம், மனமுறிவு என்று தமிழ் வழங்கும் நிலைகளையே இக்கட்டுரை மனத்துயர் என்னும் பொதுச்சொல்லால் குறிக்கிறது.

ஒப்பந்தமும் பணி நாளும்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புதலை நிறுத்தும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கும், பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், தொடர்வண்டிப் பாதைப் பணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டனர். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். மாத ஊதியம் முதலாண்டில் 10 ஷில்லிங். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயரும்.

சாதாரணப் பணியாளர் ஒருவர் வேலையை விட்டு நீங்கினால் முதலாளி உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம், அவ்வளவே. ஒப்பந்தத் தொழிலாளர் நீங்கினாலோ அது குற்றவியல் வழக்காகும். அவர் சிறைக்கு அனுப்பப்படலாம். ஒப்பந்த முறையின் உயிர்நிலை இவ்வேறுபாட்டில் இருந்தது. காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் இதனைச் சுட்டி, இம்முறையை அடிமை முறைக்கு அருகில் வைத்துப் பேசுகிறார். தொழிலாளர் அனுமதிச் சீட்டு இன்றித் தோட்ட எல்லையைக் கடத்தலும் தண்டனைக்குரியதாயிற்று. ஓய்வு வேண்டுவோர்க்கும் ஓடிப்போவோர்க்கும் இடையே சட்டம் வரைந்த கோடு மிக மெல்லியது.

மொரிசியசில் நிலைமை இதனினும் கடுமையாக இருந்தது. ஒருநாள் வாராதவருக்கு இருநாள் ஊதியம் பிடிக்கும் ‘இரட்டை வெட்டு’ அங்கு நடைமுறையில் இருந்தது. நேட்டாலில் ஒப்பந்தம் முடித்து 1871இல் சென்னை திரும்பியோர் கூறிய குறைகளின் விளைவாக 1872இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சாட்டையடியை நீக்குதலும், குடியேறியோர்க்குப் பாதுகாவலர் ஒருவரை நியமித்தலும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். உடலின் காயம் அரசின் கவனத்திற்கு வந்தது. மனத்தின் காயத்திற்கு அத்தகைய வாயில் எதுவும் திறக்கவில்லை.

பாலசுந்தரம் வழக்கு

இவ்விடைவெளியை விளக்கப் பாலசுந்தரம் என்னும் தமிழரின் வழக்கு பெரிதும் உதவும். 1894இல், காந்தியடிகள் டர்பனில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கிய சில மாதங்களில், கிழிந்த ஆடையும் குருதி வழியும் வாயுமாக அவர் முன் இவர் வந்து நின்றார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. தமிழரான எழுத்தர் வாயிலாக அவர் கதையைக் கேட்ட காந்தியடிகள், முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்தின் தன்மை குறித்துச் சான்றிதழ் பெற்றார். பின்னரே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இரு செய்திகள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை. முதலாவது, பாலசுந்தரம் தலைப்பாகையைக் கையில் ஏந்தியே உள்ளே நுழைந்தார் என்பது. ஐரோப்பியரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். தம்மவர் ஒருவர் முன்னும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார். அதனைத் திரும்பக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். தயக்கத்தோடு கட்டிக்கொண்ட அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்கிறார். உடைந்த பல்லுக்கு மருத்துவர் சான்றளித்தார். கழற்றிய தலைப்பாகையில் வெளிப்பட்ட மனக்காயத்திற்குச் சான்றளிக்க எவரும் இல்லை.

இரண்டாவது, அவருக்குக் கிடைத்த தீர்வு. அவர் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளரை வைத்துக்கொள்ள இயலாதாகையால் புதிய முதலாளியும் ஐரோப்பியரே. கொடுமையிலிருந்து விடுதலை கிடைத்தது, பணிக்கடப்பாட்டிலிருந்து கிடைக்கவில்லை. சட்டம் அறிந்திருந்த மிக உயர்ந்த நிவாரணம் இடமாற்றமே.

மனநோயின் இரு எல்லைகள்

மனத்துயர் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றது அதன் இறுதி எல்லையில் மட்டுமே. ஓர் எல்லை மனநோய் இல்லம். பீட்டர்மரிட்ஸ்பர்க் நகரின் டவுன் ஹில் பகுதியில் 1880இல் நிலையாக அமைந்த அரசு மனநோய் இல்லத்தில் இந்தியரும் சேர்க்கப்பட்டனர். மற்றோர் எல்லை தற்கொலை. ஒப்பந்தத் தொழிலாளரிடையே நிகழ்ந்த தற்கொலைகளின் மிகுதியை 1904இல் ‘இந்தியன் ஒபினியன்’ இதழ் எடுத்துரைத்து விசாரணை கோரியது. பிஜித் தீவில் ஆண்ட்ரூசும் பியர்சனும் நடத்திய ஆய்வின் 1916ஆம் ஆண்டு அறிக்கையும் இதே கொடுமையைப் பதிவுசெய்தது. பணி செய்யத் தக்கவர், பித்தர், இறந்தவர் என்னும் மூன்று நிலைகளே ஏடுகளில் காணப்படுகின்றன. சிலநாள் ஓய்ந்தால் தேறிவிடக்கூடியவர் என்னும் நான்காம் நிலைக்கு அவற்றில் இடமில்லை. நோய் விடுப்பு என்பது இந்நான்காம் நிலையை ஏற்பதே.

இன்றைய சட்டம்

தென்னாப்பிரிக்காவின் எசமானர்–பணியாளர் சட்டங்கள் 1974இல்தான் நீக்கப்பட்டன. 1997ஆம் ஆண்டின் பணி அடிப்படை நிலைமைகள் சட்டம், 36 மாதச் சுழற்சி ஒன்றில் ஆறு வாரப் பணிநாள்களுக்கு இணையான ஊதிய விடுப்பை நோயுற்றோர்க்கு வழங்குகிறது. தொடர்ந்து இரு நாள்களுக்கு மேல் வாராதவரிடம் முதலாளி சான்றிதழ் கேட்கலாம். மருத்துவர் மட்டுமன்றி, நோயறிந்து சிகிச்சையளிக்கத் தகுதிபெற்று உரிய மன்றத்தில் பதிவுசெய்த பிறரும் அச்சான்றிதழ் வழங்கலாம் என்பதால், மருத்துவ உளவியலாளர்க்கும் இதில் இடமுண்டு. பாலசுந்தரத்தின் காலத்தை நோக்க இது பெரும் மாற்றமாகும்.

எனினும் பழைய கோட்டின் தடம் முற்றும் அழிந்துவிடவில்லை. நோய் அல்லது காயத்தால் பணி செய்ய இயலாமை என்றே சான்றிதழ் கூற வேண்டும். உலக நலவாழ்வு அமைப்போ பணிச்சோர்வினை 2019இல் பணி சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியதேயன்றி நோயாக வகைப்படுத்தவில்லை. எனவே பணியிடம் விளைத்த துயரைத் தொழிலாளர் தம் உடலின் அல்லது மனத்தின் நோயாகப் பெயர்த்துக் கூறினாலன்றி விடுப்புக் கிடைப்பதில்லை.

முடிவுரை

நேட்டால் ஆவணங்கள் தொழிலாளரின் ஊர், சாதி, வயது, உயரம், உடலின் தழும்பு ஆகியவற்றைக் கப்பல் பட்டியல்களில் நுணுக்கமாகக் குறித்துள்ளன. அவர்தம் மனநிலையை அறிய நமக்குள்ளவை முறையீடுகளும் வாக்குமூலங்களும் இறப்பு விசாரணைகளுமே. அயலகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் ‘பணிக்கு வரவில்லை’ என்னும் தண்டனைப் பதிவுகளை ஒழுக்கக்கேட்டின் கணக்காக மட்டும் படித்தல் கூடாது. அவற்றுள் ஒரு பகுதியேனும், கேட்க வழியில்லாத விடுப்பைத் தாமே எடுத்துக்கொண்டு அதற்குரிய விலையைச் சிறையில் செலுத்தியோரின் பதிவாக இருத்தல் கூடும். அந்நோக்கில் அவற்றை மீண்டும் படித்தல் நம் கடமையாகும்.