தவளைப்பாய்த்துக்கு எட்டாத கணவாய்

தவளை இடையிலுள்ள நிலத்தை விட்டு அப்பால் தாவி அமர்வதைப் போல, ஒரு சூத்திரம் தன்னை அடுத்ததைத் தாண்டிப் பிறிதொன்றோடு பொருந்துவதைத் தவளைப்பாய்த்து என்றார் நன்னூலார். நம் மலைகளிலோ தாவ இயலாத தவளைகளும் உண்டு. நீலகிரியின் உயர்ந்த சோலைகளில் வாழும் சிறு புதர்த்தவளைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாய் அத்தகைய இடைவெளி.

அக்கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். அதனைத் தடையாக்குவது அகலம் மட்டுமன்று, வெப்பமும்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உதகை 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணவாயின் தரை அதனினும் ஏறத்தாழ 2000 மீட்டர் தாழ்வு. ஆக, இறங்கும் உயிர் எதிர்கொள்ள வேண்டிய வேறுபாடு சுமார் 13 டிகிரி. தவளை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று, ஈரத்தோலாலும் மூச்சுவிடுவது. சூடு மிகுந்தால் தோல் உலரும், உயிர் தளரும்.

இம்மலைத் தவளைகளைப் பற்றிய எழுத்து 1853-இலேயே தொடங்கிவிட்டது. படை மருத்துவரான ஜெர்டன் அவ்வாண்டு நீலகிரித் தவளையொன்றை விவரித்தார். பின்னர், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் திரட்டியனுப்பிய தவளைகளுக்கு லண்டன் அருங்காட்சியகத்தில் குந்தர் பெயரிட்டார். பெங்களூர் மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் நாராயண ராவ் இருபதாம் நூற்றாண்டில் அப்பணியைத் தொடர்ந்தார். புதர்த்தவளைப் பேரினம் ஒன்று 2010-இல் அவர் பெயரால் 'ராவோர்கெஸ்டெஸ்' ஆயிற்று.

எது எங்கே வாழ்கிறது என்பதை இவர்கள் எழுதிவைத்தனர். ஏன் அங்கே மட்டும் என்ற வினாவுக்கு வலுவான விடையொன்றை 1967-இல் முன்வைத்தவர் அமெரிக்கரான டேனியல் ஜான்சன். குளிர்நாட்டு விலங்கு ஓராண்டிலேயே உறைபனியையும் கோடையையும் காண்கிறது. ஆகவே, மலையேறும்போது சந்திக்கும் குளிர் அதற்குப் புதிதன்று. வெப்பமண்டல மலையிலோ ஒவ்வோர் உயரத்திலும் ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. அங்கே பழகிய உயிரின் தாங்குதிறனும் குறுகியது. உயரம் ஒன்றேயானாலும், வெப்பமண்டலக் கணவாய் அங்குள்ள உயிர்க்குக் கடத்தற்கரியது என்பது அவர் வாதம்.

எங்கள் வேங்கிக்கால் ஏரிப்பக்கத்துத் தவளையை எண்ணிப் பாருங்கள். அக்கினி நட்சத்திரத்தில் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்து, மழை இறங்கியதும் வெளியே வந்து கத்துகிறது. சமவெளி அதற்குத் தந்த பயிற்சி அது. சோலைத்தவளைக்கு அப்பயிற்சி வாய்க்கவில்லை.

தொல்காப்பியர் முதற்பொருளாக வைத்தவை நிலமும் பொழுதும். குறிஞ்சிக்கு மலையை மட்டும் கொடுத்து அவர் நிறுத்தவில்லை. கூதிரையும் முன்பனியையும் யாமத்தையும் சேர்த்தே கொடுத்தார். இன்றைய அறிவியலை அவர் அன்றே கண்டார் என்று பெருமை பேச இதனைச் சொல்லவில்லை. நிலத்தைப் பொழுதினின்று பிரித்துப் பார்க்கலாகாது என்ற பார்வை அவரிடம் உண்டு. தவளைக்கும் மலையென்பது வெறும் உயரமன்று. குளிரும் ஈரமும் கூடியதே மலை.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த விஜயகுமாரும் உடனாய்வாளரும் 2014-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒன்பது புதிய புதர்த்தவளை இனங்களை விவரித்தனர். ஒரு மலையின் உச்சிக்கென்றே அமைந்த இனங்கள் இக்கூட்டத்தில் உண்டு. 2010-இல் விவரிக்கப்பட்ட செந்நிறத் தவளையொன்றின் வாழிடம், 2695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதனைச் சூழ்ந்த இரவிகுளத்து உயர்நிலங்களும்தான்.

வெப்பம் உயர்ந்தால் சரிவில் வாழ்பவை சற்று மேலே ஏறலாம். உச்சியில் வாழ்பவை எங்கே ஏறும்? 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, நீர்நில வாழ்விகளில் 41 விழுக்காட்டு இனங்கள் அழியும் நிலையில் உள்ளன என்றது. 2004-க்குப் பின் நிலை தாழ்ந்த இனங்களில் 39 விழுக்காட்டுக்குப் பருவநிலை மாற்றமே முதற்காரணம் என்றும் அது கூறிற்று.

காற்றின் வெப்பத்தை நீலகிரியில் மட்டும் குறைக்க எவராலும் இயலாது. ஆனால் சோலையின் நிழலும் பாசியும் இலைச்சருகும் வெயிலையும் உறைபனியையும் தணித்து உள்ளே ஒரு தனிக் குளிரைக் காக்கின்றன. அச்சோலையை வெட்டினால் மலையின் உயரம் குறையாது. தவளைக்கு மட்டும் அது சமவெளியாகிவிடும்.