எலிசாவும் கார்த்தேஜ் நகரின் தோற்றமும்

பழைய நகரங்களின் தோற்றம் பற்றி வழங்கும் கதைகளில் வரலாறும் புனைவும் பாலும் நீரும் போலக் கலந்து கிடக்கின்றன. அவற்றை முற்றும் பொய்யெனத் தள்ளுதலும், முற்றும் மெய்யெனக் கொள்ளுதலும் ஆராய்ச்சி நெறியாகா. இன்றைய துனீசியக் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ் நகரை நிறுவியவள் எனப்படும் எலிசாவின் கதை இதற்குத் தக்க சான்றாகும். இலக்கிய உலகம் அவளை டைடோ என்னும் பெயரால் அறியும். அப்பெயரைக் கேட்ட அளவிலே, காதலனால் கைவிடப்பட்டு உயிர்நீத்த அரசி ஒருத்தியே நம் நினைவிற்கு வருகின்றாள். புகலற்ற மக்களைக் கலமேற்றிச் சென்று நகர் கண்ட தலைவி வருவதில்லை. இவ்வேறுபாடு நேர்ந்தவாறு ஈண்டு ஆராயப்படும்.

எலிசாவின் கதையை விரிவாகத் தருவது, பழைய நூலொன்றைச் சுருக்கி ஜஸ்டின் என்பார் இலத்தீனில் எழுதிய வரலாறு ஆகும். பினீசியரின் நகராகிய தீருவில் பிக்மாலியன் அரசனானான். அவன் உடன்பிறந்தாள் எலிசா தன் தாய்மாமனை மணந்திருந்தாள். கோயிற் குருவாகிய அவனது பெருஞ்செல்வத்தை விழைந்த பிக்மாலியன் அவனைக் கொன்றான். அரசனை வெறுத்த பெருமக்கள் சிலருடன் எலிசா கடல்வழித் தப்பினாள். சைப்பிரசுத் தீவில் குரு ஒருவன் குடும்பத்தோடு அவர்களுடன் சேர்ந்தான். குடிபெருகும் பொருட்டுக் கன்னியர் எண்பதின்மரும் கலமேற்றப்பட்டனர். ஆப்பிரிக்கக் கரையில் ஓர் எருதின் தோல் மூடுமளவு நிலம் விலைக்குக் கேட்ட எலிசா, தோலை மெல்லிய வார்களாக அரிந்து ஒரு குன்றையே வளைத்துக் கொண்டாள். பின்னர் அந்நாட்டு மன்னன் ஒருவன், தன்னை மணவாவிடிற் போர் தொடுப்பதாக அச்சுறுத்தினான். அவள் கணவனுக்குக் கடன் செய்வாள் போல ஈமம் அடுக்கி, அதன்மேல் ஏறி உயிர் துறந்தாள்.

இக்கதையில் தோலைப் பற்றிய பகுதி சொல்லின் மயக்கத்தாற் பிறந்தது. கார்த்தேஜின் கோட்டைக் குன்றுக்குப் பிர்சா என்பது பெயர். அவ்வொலி கிரேக்கர்க்குத் தம் மொழியில் தோலைக் குறிக்கும் சொல்லாகப் பட்டது. செமித்திய மொழியில் அரணைக் குறித்த சொல்லே அங்ஙனம் திரிந்தது என்பர் அறிஞர். பெயரை விளக்கப் பின்னெழுந்த கதை வரலாறாகாது.

ஆயினும் கதையின் அடிப்படை அத்தகையதன்று. தீரு நகரத்து ஏடுகளைப் பயன்கொண்ட மெனாண்டர் கூற்றை ஜொசீபஸ் எடுத்துக்காட்டியுள்ளார். பிக்மாலியன் ஆட்சியின் ஏழாம் ஆண்டில் அவன் உடன்பிறந்தாள் தப்பிச் சென்று கார்த்தேஜை நிறுவினாள் என்பது அக்கூற்று. சிசிலித் தீவினராகிய திமேயஸ், முதல் ஒலிம்பியாவிற்கு 38 ஆண்டு முன்னர், அதாவது கி.மு. 814 அளவில், நகர் தோன்றியது என்றார். அகழ்வில் கிடைத்த மட்கலங்கள் எட்டாம் நூற்றாண்டினவாகவே காணப்பட்டமையின் அக்கணக்கைப் பலர் ஐயுற்றனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்குக் கிடைத்த விலங்கெலும்புகளைக் கரிமக் கணிப்பிற்கு உட்படுத்தியபோது கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி பெறப்பட்டது. நகரின் பெயராகிய கர்த் ஹதஷ்த் என்பதும் 'புதிய நகர்' என்றே பொருள்படும். எலிசா என்னும் தனியொருத்தியை இவை நிறுவமாட்டா. ஆனால் தீருவினின்று மக்கள் பெயர்ந்து வந்தமையையும் அதன் காலத்தையும் வலியுறுத்துகின்றன.

இனி, டைடோவைக் காதலியாக நிலைநிறுத்தியவர் உரோமப் பெருங்கவிஞர் வர்ஜில். கி.மு. 19இல் அவர் இறந்தபோது முற்றுப்பெறாதிருந்த ஈனியட் காப்பியத்தில், திராய் நகரினின்று தப்பிய ஈனியஸ் அவளைக் கண்டு கூடிப் பின்னர்ப் பிரிகின்றான். திராய் வீழ்ந்ததாகக் கிரேக்கர் கணித்த ஆண்டு கி.மு. 1184. எனவே இருவர்க்கும் இடையே ஏறத்தாழ 370 ஆண்டுகள் உள்ளன. பழைய கதையில் மறுமணத்தை மறுத்து இறந்தவள், காப்பியத்தில் காதலனைப் பிரிந்தமையால் இறக்கின்றாள். இது பொய்யென அனைவரும் அறிந்தும் கவியழகினால் மெய்போற் கொண்டனர் என மக்ரோபியஸ் பிற்காலத்தே குறித்தார்.

உரோமர் கார்த்தேஜை அழித்த ஆண்டு கி.மு. 146. அந்நகரின் நூல்கள் ஆப்பிரிக்கச் சிற்றரசர்க்கு வழங்கப்பட்டன. மாகோ இயற்றிய உழவு நூல் 28 பகுதிகள் மட்டும் ஆட்சிமன்ற ஆணையால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. அதுவும் இன்று முழுமையாக இல்லை. ஆதலின் அம்மக்கள் தம் தலைவியைப் பற்றித் தாமே கூறியது எதுவென நாம் கேட்டற்கில்லை. கிரேக்கரும் உரோமரும் கூறியவற்றையே கேட்கின்றோம். வென்றோர் காப்பியம் தோற்றோர் வரலாற்றின் இடத்தைக் கொள்ளுமிடத்து, இரண்டையும் பிரித்துணர்தல் இலக்கிய ஆராய்ச்சியாளர் கடனாகும். காப்பியத்தின் பெருமை இதனாற் குறையாது.

எலிசாவின் மக்கள் தம் தாயகத்தை மறந்தாரல்லர். அரசனைத் துறந்து வந்தவர் எனப்பட்ட அவர்கள், தீருவின் மெல்கார்ட் தெய்வத்திற்குக் காணிக்கை விடுத்து வந்தனர். கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீருவை முற்றுகையிட்டபோது, அந்நகரத்தார் தம் பெண்டிர் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைக் கார்த்தேஜிற்கு அனுப்பினர் என்பர் தியோதோரஸ். புகல் தேடி வந்தோர் கண்ட நகர், தாய்நகரத்தார்க்கே புகலாயிற்று. காப்பியம் கூறாத எலிசாவின் பெருமை இதுவேயாம்.